அணைக்கரைக்குக் கிழக்கே

பஞ்சர் ஒட்டிய தாஜுதீன்
காற்றடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை.
கேரியரில் கட்டியிருந்த கூடாரத்தைப் பார்த்துவிட்டு
"தண்ணி ஓரமாப் படுக்காதீங்கம்மா,
முதலை கெடக்கு" என்றார்.
முப்பது ரூபாய்.

கொள்ளிடத்தின் தென்கரையில்
சித்திரை வெயிலோடு பதினோரு கிலோமீட்டர்.
நோட்டில் இருப்பது:
நத்தைகுத்தி நாரை, நாற்பதுக்கு மேல்,
வற்றும் குட்டையில், எல்லாம் ஒரே திசை பார்த்து.
பாம்புத்தாரா ஒன்று, சிறகைக் காயப்போட்டபடி.
நீர்நாய்: பார்க்கவில்லை.
ஈர மணலில் கால்தடம், செதில் மின்னும் எச்சம்.
குனிந்து முகர்ந்தேன். அதையும் எழுதினேன்.

சொன்ன சொல் தட்டாமல்
தண்ணீரை விட்டு வெகுதூரம் தள்ளி
சரளை மேட்டில் கூடாரம் அடித்தேன்.
அப்போதே ஆரம்பித்துவிட்டது ஆள்காட்டி.
தலைக்கு மேல் ஒரு வட்டம், திட்டு, மறுபடி வட்டம்.
'ஆள்காட்டி, 2. சத்தம் அதிகம்.'
அவலை நனைத்துத் தின்றேன்.
இருட்டியும் விடவில்லை.
ஆள் வந்திருக்கிறது, ஆள் வந்திருக்கிறது என்று
ஆறு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தன.
இருபத்திரண்டு வருஷ ஆபீஸில்
நான் வந்ததை யாரும் இப்படி அறிவித்ததில்லை.

எட்டரைக்கு ஒன்றுக்குப் போக எழுந்தேன்.
டார்ச் வெளிச்சம் கைதவறிக் கீழே விழ,
கூடார முளைக்கு ஒரு சாண் தள்ளி
நான்கு கற்கள்.
மற்ற கற்களைவிடக் கொஞ்சம் ஒழுங்காக,
கூர்முனை எல்லாம் உள்நோக்கி.

என் செருப்புத்தடம்
அவற்றுக்கு இந்தப்பக்கமும் இருந்தது
அந்தப்பக்கமும் இருந்தது.

டார்ச்சை அணைத்தேன்.
முளைகளை இருட்டிலேயே தடவிப் பிடுங்கினேன்.
ஒன்பது வந்தன.
சுருட்ட நேரமில்லை,
நனைந்த கோணியைப்போல் இழுத்துக்கொண்டு நடந்தேன்.
முதலைக்குக் கொஞ்சம், அதுகளுக்குக் கொஞ்சம் விட்டு
எவ்வளவு போதும் என்று தெரியாத ஓர் இடத்தில்
சைக்கிளைச் சாய்த்துப் படுத்தேன்.

எப்போது அடங்கின, தெரியாது.
இரண்டு மணிக்கு மறுபடி கத்தின.
இந்த முறை எனக்காக இல்லை.
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்:
நரியா, கீரியா,
யார் அது.

காலை ஒன்பதுக்குள் மணல் சுட்டது.
பைனாகுலரில் பார்த்தேன்.
ஒன்று குட்டைக்கு ஓடி
நெஞ்சை நனைத்துக்கொண்டு திரும்பியது,
ஈரத்தோடு முட்டைமேல் மெல்ல அமர்ந்தது.
பக்கத்தில் என் பத்தாவது முளை
வெயிலில் மின்னிக்கொண்டு.

திரும்பும் வழியில் தாஜுதீன் கேட்டால் சொல்லலாம்,
தண்ணி ஓரமாத்தான் படுத்தேன்.