பதினான்கு நாள் இலவசம்

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
ரயில் போனால் ஜன்னலோடு சேர்ந்து
திரையின் கட்டங்களும் நடுங்கும்:
பதின்மூன்றுக்குப் பதின்மூன்று,
நூற்று அறுபத்தொன்பது சிற்றறைகள்.
ஏத்து என்றால் சிவப்பு, தொடர் என்றால் பச்சை,
விட்டுவிடு என்றால் ஒரு மங்கிய நீலம்,
மழைக்கு முந்திய கடல்.

முதலாவது கருவி சும்மா கிடைத்தது.
கேட்டதற்குச் சதவீதம் சொல்லும்,
அதற்குமேல் வாய் திறக்காது,
எங்கள் கிளையின் மூன்றாம் கவுண்டர் மாதிரி.

இரண்டாவது கைத்தொலைபேசியில் ஓடும்.
நூறாம் இலக்க பஸ்ஸில் நின்றபடி
கட்டைவிரலால் நிறம் தீட்டினேன்.
பக்கத்தில் நின்ற அம்மா எட்டிப் பார்த்து,
"என்ன பிள்ளை, குறுக்குத் தையலோ?"
ஓம் என்றேன்.

மூன்றாவது பெரிய இடம். விலை டொலரில்.
ஒரு மாத மின்சாரம், அதற்குமேல் ஒரு சோடிச் செருப்பு.
ஒரு கைக்கு விடை காண நாற்பது நிமிடம்;
லேப்டொப் தோசைக்கல்லாய்ச் சுட,
காற்றாடியை அதன்பக்கம் திருப்பிவிட்டு
நான் வேர்த்துக்கொண்டிருப்பேன்.
விடையும் நேராய் வராது:
நூற்றுக்கு முப்பத்தேழு தரம் தொடர்,
மிச்சத்துக்கு விடு.
எந்த முப்பத்தேழு தரம்?
அதை நீயே பார்த்துக்கொள்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை வந்தது.
பம்பலப்பிட்டியில் இன்ஷாஃப் வீட்டு மேசை,
ஆறு ஆண்கள், நான்.
ஏத்தினேன்.
கௌரிதாசன் தன் சீட்டைத் திருப்பிக்கூடப் பாராமல் எறிந்தான்:
"அவ ஏத்தினா ஆசுச் சோடிதான், மச்சான்."
செனுர சிரித்தான். ஒருவர் பின் ஒருவராய்
எல்லாரும் விட்டார்கள்.

ஆசுச் சோடி வர ஆறே வழி,
ஆயிரத்து முந்நூற்று இருபத்தாறில்.
அந்த ஆறுக்குள் என்னை இருத்திக்
கதவைச் சாத்திவிட்டு
பற்றிஸ் சாப்பிடுகிறார்கள்.
என் கையில் கிடந்தது
ஏழும் இரண்டும்,
இனம்கூட ஒன்றில்லை.

வீடு வந்து மூன்றாவதைத் திறந்தேன்.
பட்டியலின் அடியில்
இதுவரை தொடாத ஒரு சின்னப் பூட்டு:
எதிராளி இப்படித்தான் ஆடுவான் என்று
அடித்துச் சொன்னால்
அதை நம்பிக் கணக்குப் போடும்.
பூட்டினேன். ஆறு பேர், ஒரே நம்பிக்கை.
கடைசி ரயிலும் போய்விட்டது.
நாற்பதாவது நிமிடத்தில்
நீலமே இல்லை, மூலைக்கு மூலை சிவப்பு,
ஏழும் இரண்டும் உட்பட.

இன்னும் மூன்று நாள்தான்.
அட்டை இலக்கத்தைக் கொடுத்தேன், வங்கி மறுத்தது.
என் வங்கிதான், நான் வேலை பார்க்கும் கிளைதான்:
வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு
முகாமையாளரின் ஒப்புதல் வேண்டுமாம்.

திங்கள் காலை படிவத்தை நீட்டினேன்.
"என்ன மென்பொருள் பிள்ளை இது?"

"தையல், சேர்."

கையெழுத்துப் போட்டார்,
நிமிர்ந்துகூடப் பாராமல்.