இருபத்து நான்கு

துர்க்கு நகரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
கீழே ரொட்டிக்கடை, சலவைக்கடை, பல் மருத்துவர்,
மேலே நான்கு மாடி ஜன்னல்கள்.
நடுவிலிருக்கும் சதுக்கத்துக்கு
நகராட்சி வாங்கிப் போட்டது இருபத்து நான்கு நாற்காலிகள்.
பச்சை. இரும்பு.

தரையோடு முடுக்கச் சொல்லி வந்த போல்ட்டுகள்
இன்னும் என் இழுப்பறையில்தான் கிடக்கின்றன.
முதலில் சோம்பல். அப்புறம் வேடிக்கை.

உட்காரும் முன் எல்லோரும்
ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள்.
தேவையே இல்லை.
இருந்தாலும்.

ஏப்ரல் வெயில் மருந்துக்கடைச் சுவரில் தொடங்கி
மூன்று மணிக்கு சைக்கிள் நிறுத்தத்துக்குப் போய்விடும்.
நாற்காலிகளும் பின்னாலேயே.

மாலையில் எண்ணி அடுக்குவது என் வேலை.
முழங்கால் இடிக்க இரண்டு:
சமாதானம் ஆகியிருக்கும்.
சலவைக்கடைக் கண்ணாடியைப் பார்த்து ஒன்று:
உர்போ. சுழலும் துணிதான் அவருக்கு டிவி.
வட்டமாக ஐந்து,
நடுவில் ஆரஞ்சுத் தோல்.

நேற்று இருபத்து மூன்று.
குப்பைத் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன்,
பாலம் வரை நடந்தேன்,
அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பினால்
லிஃப்ட் இல்லாத எங்கள் படிக்கட்டில்
இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருக்கிறது.
அதன்மேல் துவோவி.
முழங்காலில் கட்டு, மடியில் பால், உருளைக்கிழங்கு,
பேச முடியாமல் மூச்சு.

யார் கொண்டுவந்து போட்டது என்றேன்.
தோளைக் குலுக்கினாள்.

அசைவில்லாததால் படிக்கட்டு விளக்கு அணைந்தது.
யாராவது கையை ஆட்ட வேண்டும்.
ஆட்டினேன்.

பதிவேட்டில் இருபத்து நான்கு என்றே எழுதினேன்.
எங்கே என்று கேட்க
அந்தத் தாளில் கட்டம் இல்லை.