அமுக்கினால் மூன்று

வேலம்பாளையத்தில் பத்து மணிக்கே
ஸ்டீம் அயர்ன் வாசம் வகுப்புக்குள் வந்துவிடும்.
எட்டாம் வகுப்பு 'பி', மூன்றாவது பீரியட்.
முப்பத்தேழு பேர்; வெட்டும் கத்தரி பதினொன்று.

காலிப் பெட்டி ஒன்றைப் பிரித்து
தரையில் மல்லாத்திப் போட்டேன்.
"இதுக்குப் பேரு வலை."
"மீனு எங்கீங் மிஸ்?" என்றான் சஷ்வின்.
சிரித்து முடிக்கட்டும் என்று விட்டேன்.

கணக்கு இவ்வளவுதான்:
ஒரு பனியன், அதற்கொரு பெட்டி, ஆளுக்கு ஓர் அட்டை.
நீளம் இருபத்தெட்டு, அகலம் இருபத்திரண்டு,
மளமளவென்று எழுதிவிட்டார்கள்.
உயரத்தில் வந்து நின்றது வகுப்பு.

லிப்சா ஸ்கேலை நிறுத்திப் பிடித்திருந்தாள்.
கட்டக்கிலிருந்து வந்து இரண்டு வருடம்;
'ஏனுங்' இல்லாமல் பேச்சைத் தொடங்க மாட்டாள் இப்போது.
"ஏனுங் மிஸ், அமுக்குனா மூணு.
கைய எடுத்தா அஞ்சு.
எத எழுதட்டுங்?"

என் பயிற்சிக் கையேட்டில் எல்லாமே கனச்செவ்வகம்.
அதில் எந்தப் பொருளும் மூச்சு விடாது.

தெரியலையே, என்றேன்.
ஒரு நொடி நிசப்தம்.
அப்புறம் சந்தைக்கடை.
நடுவாலே நாலு போடலாம் என்றான் தீரஜ்.
கவிநிலா, அம்மா பேக்கிங் செக்‌ஷன்,
அட்டையிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:
"எங்க போகுதுன்னு பாக்கோணும் மிஸ்.
கப்பலுக்குன்னா மூணு,
காத்துக்கும் வாடகை கேப்பான்.
கடைக்குன்னா அஞ்சு,
தொறந்ததும் துணி உப்பி எந்திரிக்கோணும்."

லிப்சா கப்பலுக்கே போட்டாள்.
மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் கீறி,
ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் ஒட்டுக்கு விட்டு.
அந்த ஒட்டை மறந்தவர்கள் இருபது பேர்;
அவர்கள் பெட்டிகளெல்லாம்
செலோ டேப் கட்டுகளோடு ஜன்னலோரம் சாய்ந்திருந்தன,
தர்மாஸ்பத்திரி வராந்தா மாதிரி.

சத்துணவு முடிந்து வந்து பார்த்தால்
லிப்சாவின் மேல்மூடி
நடுவில் லேசாகப் புடைத்திருந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்கேலை எடுத்து அந்தப் புடைப்பையும் அளந்தாள்.

சாயங்காலம் நோட்டுத் திருத்தினேன்.
பரப்பு ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்திரண்டு,
ஒட்டுக்கு நாலரை தனி. சரி.
உயரம் என்ற இடத்தில் பென்சிலில், பொடி எழுத்தில்:
'மூணு. சொல்லிப் பாத்தேன்,
பனியன் கேக்கல.'

அதற்கும் ஒரு டிக் போட்டேன்,
கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.