எதுவினா

புவர்த்தோ மோந்த்தில் மழை இல்லாத நாள் விடிந்தால்
யாரும் நம்புவதில்லை.
சால்மன் மீன் வெட்டும் கூடத்துக்குப் பின்னால்
குளிர்கிடங்குச் சுவரில் முதுகு சாய்த்து
ஒரு சர்வர்.
உள்ளே நாற்பது பெயர்கள்.
வெளியே, ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக
நூற்று முப்பத்தொரு பேர்.

கணக்கு இதுதான்:
எடை போடும் மென்பொருளை விற்றவன்
இரண்டு விலைச்சீட்டு நீட்டினான்.
ஒன்று, பெட்டிக்கு இவ்வளவு.
நாற்காலியை எண்ணுவான்,
உட்காருகிறவரை எண்ண மாட்டான்.
மற்றது, தலைக்கு இவ்வளவு.
ஒரு தலை எத்தனை பெட்டியைத் தொட்டாலும் ஒன்றே.
ஆனால் தலைக்கு ஒரு பெயர்,
பெயருக்கு ஒரு கடவுச்சொல்,
அந்தப் பெயரில் இன்னொரு தலை நுழையக் கூடாது.

மேலாளர் தன்னை எண்ணிப் பார்த்தார்.
மேசையில் ஒன்று, மடியில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று.
மூன்று பெட்டி, ஒரு தலை. லாபம்.
தலைக்கே கையெழுத்திட்டார்.
கூடத்தில் எல்லாம் தலைகீழ் என்பது
அவருக்குத் தோன்றவில்லை:
ஒரு தராசு, மூன்று ஷிஃப்ட்,
ஒரே திரையைத் துடைத்துத் துடைத்துத் தட்டும்
ஆறு ஈரக் கைகள்.

நாற்பதில் முப்பத்தொன்றை அலுவலகமே எடுத்துக்கொண்டது.
பந்திக்கு முந்த யாருக்குச் சொல்லித்தர வேண்டும்?
கூடத்துக்கு வந்தவை ஒன்பது.
மூன்றாம் தராசுக்கு விழுந்த பெயர்
எதுவினா மன்சில்யா.
தமிழில் எழுதினால்
பெயரே கேள்வி கேட்கிறது.

கடவுச்சொல், அவள் நாயின் பெயர், கூட ஓர் ஏழு.
காலை ஆறுக்கு எதுவினாவாக எதுவினா வருவாள்.
இரண்டு மணிக்கு எதுவினாவாக நெல்தா ஒயார்சோ.
இரவு பத்துக்கு எதுவினாவாக
ஹைத்தியிலிருந்து வந்த மிர்லாந்த்.
மூன்று வருடம்.
அந்த நாயை மிர்லாந்த் பார்த்ததேயில்லை.

தணிக்கைக்கு வந்தவன் சாந்தியாகோக்காரன்.
ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை.
பதிவேட்டைத் திரையில் ஓட்டினான், கண்ணாடியைத் துடைத்தான்,
மறுபடி ஓட்டினான்.
"இந்தப் பெண் தூங்குவதே இல்லையா?"
சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ரோமுலோ பர்ரியா
தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

கதவை மூடிக்கொண்டு அபராதம் பேசினார்கள்.
காபி உள்ளே போனது.
நகலெடுக்கக் காகிதம் வெளியே வந்தது.
நகலெடுக்கிற பெண் நெல்தாவின் மருமகள்.

வியாழக்கிழமை எதுவினா மாடியேறினாள்,
கையுறையைக் கழற்றாமல்.
படியெல்லாம் செதில்.
"இயந்திரம் பொய் சொல்லாது என்று சொல்லித்தான்
போன வருடம் பதினொரு நிமிடத் தாமதத்துக்கு
என் சம்பளத்தில் பிடித்தீர்கள்.
இதோ, அதே இயந்திரம்.
நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரம்
நான் வேலை செய்திருக்கிறேன்.
எட்டுக்குத்தான் கொடுத்தீர்கள்.
மீதிப் பதினாறு?"

மேலாளர் சிரித்தார்.
வக்கீல் சிரிக்கவில்லை.
அது அவள்தான் என்றால், அவளுக்குப் பாக்கி.
அவள் இல்லை என்றால், விற்றவனுக்குப் பாக்கி.
ஒரு பெயருக்குள் இரண்டு கடன்,
எந்தப் பக்கம் புரண்டாலும் முள்.
தணிக்கைக்காரன் ஷூ உறையைக் கழற்றி
எங்கே போடுவதென்று தேடிக்கொண்டிருந்தான்.

ஏப்ரலில் புது லைசென்ஸ்கள் வந்தன,
தராசைத் தொடுகிற ஒவ்வொரு தலைக்கும்.
பதினாறு மணி நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை.
பதினொரு நிமிடம் மட்டும் திரும்பி வந்தது,
சம்பளச் சீட்டின் அடியில், விளக்கமின்றி.

முதல் இரவு.
மிர்லாந்த் கை பழகிய நாயின் பெயரை அடிக்கிறாள்.
சர்வர் மறுக்கிறது.
பெல்ட்டில் மீன் காத்திருக்கிறது, ஐஸ் உருகுகிறது,
பின்னாலிருந்து யாரோ கத்துகிறார்கள்.
மடித்த தாளைப் பிரித்து
திரையில் தன் பெயரைத் தேடுகிறாள்.
ஓர் எழுத்தை விட்டுவிட்டிருக்கிறார்கள்.
இருந்தாலும் அவள்தான்.

தட்டுகிறாள்: நான்கு கிலோ இருநூறு.
ஊருக்கு மேலே, மழை தகரத்தில் கொட்டும் வீட்டில்
எதுவினா குறட்டை விடுகிறாள்.
இன்றிரவு சர்வரும் அதையே சொல்கிறது.