படகோட்டியின் இடது கை

சிக்கந்தர் கேட்கிறான், பத்துக்கு எத்தனை என்று.
முதல் பாகத்துக்கு எத்தனை, இரண்டாவதற்கு எத்தனை.
ஃபஹாஹீலில் மூன்றாம் மாடி,
ஏசி சொட்டுகிற வாளி, நான்கு கட்டிலுக்கு ஒரு டிவி.
இரவு ஷிஃப்டுக்கு வண்டி வர இன்னும் நாற்பது நிமிஷம்.

முதல் பாகம் வெள்ளிச் சந்தையில் வாங்கியது.
பெட்டியும் ஒரு கன்ட்ரோலரும் சேர்த்துப் பதினெட்டு தினார்,
ஆளுக்கு நாலரை.
யாதகிரி மட்டும் நாலு தந்துவிட்டு
மீதியை இன்னும் தந்துகொண்டிருக்கிறான்.
டிஸ்கில் கீறல். ஏழாவது தீவுக்குப் போகும் வழியில்
கடல் ஒரு நொடி நின்று யோசிக்கும்.
நாங்களும் மூச்சை நிறுத்துவோம்.
பிறகு அலை வரும்.

இரண்டாம் பாகத்தை, சீல் பிரிக்காத புதுசை,
போனஸ் காசில் வாங்கி வந்தவன் சிக்கந்தர்.
நேர்மையாகச் சொல்கிறேன்:
இதில் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது.
மழை விழுந்தால் படகுப் பலகை நிறம் மாறுகிறது.
தீவுகள் நாற்பது.
நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்கலாம்;
முன்பு கலங்கரை விளக்கம் வரும்வரை நிறுத்த முடியாமல்
வண்டியை விட்டு
மிக்கேலுக்கு அரைநாள் சம்பளம் போனது.
இப்போது யாருக்கும் எதுவும் போவதில்லை.

போன வெள்ளி, வழக்கில் ஜெயிக்கவேண்டுமென்று
பழைய டிஸ்கை பனியனில் துடைத்துப் போட்டேன்.
வெட்கமாகப் போய்விட்டது.
நாயகன் நீந்துகிறானா, தண்ணீரிடம் கடன் கேட்கிறானா?
காவல்காரன் ஒரே வசனத்தை மூன்று முறை சொல்கிறான்,
எங்கள் கேம்ப் பாஸ் மாதிரி.
எல்லாப் பனைமரமும் ஒரே பனைமரம்.
இதற்கா அத்தனை ராத்திரி கண் சிவந்தோம்?

சரி சிக்கந்தர், நீ ஜெயித்தாய்.
அது ஆறு. இது எட்டரை.

ஆனால் அந்தப் படகோட்டி.
முதல் பாகத்தில் துறையில் நிற்பானே,
இடது கை இல்லாமல், வெறும் சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தி.
கிட்டே போனால் "ஏறு" என்பான்.
அவ்வளவுதான் அவனுக்கு எழுதியிருந்தார்கள்.
கை எங்கே என்று கேட்க ஒரு பட்டன் கிடையாது.
அதனால் எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டோம்,
விளக்கணைத்த பிறகு, கட்டிலுக்குக் கட்டில்.

சுறா, என்றான் மிக்கேல். இடிந்தகரைக்காரன்,
சுறாவைத் தவிர ஒருவரையும் மதிக்கமாட்டான்.
கிரேன் கொக்கி, என்றான் சிக்கந்தர்.
எத்தனை டன் கிரேன், எந்த வருஷம், யார் சிக்னல் கொடுத்தது
எல்லாம் சொன்னான்.
மறுநாள் காலை அவன் சாப்பிடவில்லை.
யாதகிரி வெகுநேரம் பேசாமல் கிடந்தான்.
"வித்திருப்பான்" என்றான், கரீம்நகர் வாசமடிக்கும் தமிழில்.
"வட்டி கட்ட அவன்கிட்ட வேற என்ன இருக்கு?"

இரண்டாம் பாகத்தில் படகோட்டிக்குப் பெயர் இருக்கிறது.
மனைவி இருக்கிறாள்.
பன்னிரண்டு நிமிஷம் கதை ஓடுகிறது, வயலின் வாசிக்கிறார்கள்.
கை போரில் போனதாம்.
மன்னனைக் காப்பாற்றப் போய்ப் போனதாம்.
அழகாகத்தான் செய்திருக்கிறார்கள்,
இமையோரம் நீர்கூடத் ததும்புகிறது.
மிக்கேல் கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனான்.
"ராஜாவா?" என்றான் யாதகிரி.
அதற்கப்புறம் அந்த ஆளைப் பற்றி இந்த அறையில் பேச்சில்லை.
பேச என்ன இருக்கிறது, தெரிந்துவிட்டதே.

அன்று என் முறை வருவதற்குள் கீழே ஹாரன் அடித்தது.
நான் சொல்லவேயில்லை.

இன்றும் ஹாரன்.
ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், மூன்று மாடிப் படி.
அஹ்மதிப் பக்கம் வானத்தை எரித்துக்கொண்டிருக்கிறது எண்ணெய்த் தீ.
வண்டி கிளம்பி, ரவுண்டானா திரும்பியதும் சொன்னேன்:
அவனுக்கு இரண்டு கையும் இருக்கிறது.
இடது கை சட்டைக்குள்ளே, வயிற்றோடு வயிறாக.
எதையோ பொத்திப் பிடித்திருக்கிறான்,
துறைக்கு வருகிறவர்கள் பார்க்கக் கூடாதென்று.

சிக்கந்தர் மதிப்பெண்ணை மறந்துவிட்டான்.
முன் சீட்டிலிருந்து யாதகிரி
முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"எதை?"