அறுபத்தைந்து

பீன்யா இரண்டாவது ஸ்டேஜ், பிளைவுட் கோடௌன்.
என் மேசையில் மூன்று நோட்டு:
வந்த பலகை, போன பலகை,
பிக்கப் வண்டி குடித்த டீசல்.

மூன்றாவதில்தான் லூர்துராஜைத் திருடன் என்று எழுதினேன்.
அந்தச் சொல்லால் அல்ல.
லிட்டருக்கு 10.9 என்று எழுதி
அடியில் சிவப்பில் ஒரு கோடு.
மல்லிகார்ஜுனப்பாவுக்குக் கோடு போதும்.
பன்னிரண்டு கொடுக்க வேண்டிய வண்டி,
மாதம் இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர்,
இருபது லிட்டர் எங்கே?
சம்பளக் கவரில் தொள்ளாயிரம் குறைந்தது.
ஜூனில். ஜூலையில். ஆகஸ்டில்.

அவர் கத்தவில்லை.
கவரை எண்ணிப் பார்த்துவிட்டு
"பேனா நல்லா எழுதுதும்மா" என்றார்.
அன்றிலிருந்து சிவப்புப் பேனாவை
மூடி போடாமலே வைத்தேன், காயட்டும் என்று.
காயவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் லோடுமேன் வரவில்லை.
சலானோடு நானே முன் சீட்டில் ஏறினேன், யெலகங்காவுக்கு.
பலகை முதுகில் அமர,
கொரகுண்டேபாளையா சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி
நனைந்த சாக்கை யாரோ இழுப்பதுபோல் கிளம்பியது.
அவர் ஓரம் கட்டி இறங்கிப் பின் டயரை உதைத்தார்.
"நல்லாத்தான் இருக்கு."
உதைக்கிற காலுக்கு எண் தெரியுமா என்ன,
பதினெட்டு வருஷம் உதைத்த காலானாலும்.
திறந்திருந்த கதவின் உள்விளிம்பில்
கிரீஸ் கறைக்கு அடியில் ஒரு தாள்.
நகத்தால் சுரண்டினேன்.
முன்னால் நாற்பது.
பாரத்தோடு பின்னால் அறுபத்தைந்து.

பி.இ.எல். சர்க்கிள் தாண்டி ஒரு பஞ்சர் கடை.
பலகையில் உருண்டை எழுத்தில் காளி என்றிருந்தது.
கன்னடத்தில் காற்றுக்கு அதுதான் பெயர்.
நாக்கு கொஞ்சம் சோம்பினால்
காலி.

கடைப் பையன் மீட்டரை வால்வில் அழுத்தினான்.
இடது நாற்பத்து நாலு. வலது நாற்பத்தேழு.
லூர்துராஜ் முள்ளையே பார்த்தார்,
வாய்தா முடியும் நேரத்தில் வந்து நிற்கும்
சாட்சியைப் பார்ப்பதுபோல்.
"வேற மீட்டர் இருக்கா?"
இருந்தது. அது நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு என்றது.
இரண்டு சாட்சி ஒரே மாதிரி பேசுவதில்லைதான்.
ஆனால் அறுபத்தைந்து என்று எதுவும் சொல்லவில்லை.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்;
போர்டு தொங்கும், குழாய் அறுந்து கிடக்கும்.
இங்கே நாலு சக்கரத்துக்கு நாற்பது ரூபாய்.
நான் கொடுத்தேன்.
அவர் தடுக்கவில்லை.

அக்டோபர்: 11.6.
நோட்டை முதலாளியின் பக்கம் திருப்பி வைத்தேன்.
பதின்மூன்று லிட்டரை யாரும் விற்கவில்லை,
தளர்ந்த ரப்பர் ரோட்டில் நசுங்கி நசுங்கிச்
சூடாக்கிக் குடித்திருக்கிறது என்றேன்.
மீதி ஏழு?
சிக்னல் என்றேன், மேம்பால நெரிசல் என்றேன்,
ஒன்றரை டன் என்று எழுதி
ஒன்றே முக்கால் ஏற்றுகிறோம் என்றேன்.
கடைசியாகச் சொன்னது மட்டும்
அவர் காதில் விழவில்லை.
மூன்று தொள்ளாயிரத்தைப் பற்றியும் பேச்சில்லை.
"காளியா!" என்று சிரித்தார்.
"அப்போ அடுத்த மாசத்துலேர்ந்து பன்னெண்டரை பாக்கலாம்."

லூர்துராஜ் சொந்தக் காசில் மீட்டர் வாங்கிவிட்டார்,
முந்நூற்று ஐம்பது.
கண்ணாடிக் கூட்டைவிடப் பத்திரமாகச் சட்டைப் பையில் இருக்கிறது.
திங்கட்கிழமை, டயர் சூடாகும் முன்,
குனிந்து அளக்கிறார்.
"எழுதிக்கம்மா."
நீல மையில் எழுதுகிறேன்.
அறுபத்தைந்து. அறுபத்தைந்து.

மீட்டரை எடுக்கும்போது
வால்விலிருந்து ஒரு சின்னச் சீறல்.
அளக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகிறது.
இதை எந்த நோட்டில் எழுதுவீங்க என்று கேட்டபடி
மூடியைத் திருகுகிறார்.