முதலில் பெட்ரோலைப் பார்

கீஹ்னு தீவில் ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள்.
கரையில் மிஞ்சியதையெல்லாம்
நாங்கள்தான் ஓட்டியாக வேண்டும்:
மாடு, டிராக்டர், சாவு ஊர்வலம்,
பக்கப்பெட்டி வைத்த இந்தக் கிழட்டு இஷ் பிளானெட்டா.

பத்து நாற்பதுக்குப் படகு.
ஒன்பதே காலிலிருந்து உதைக்கிறேன்,
கோடு போட்ட கம்பளிப் பாவாடையை
இடுப்பில் செருகிக்கொண்டு.
இருபது உதை. முப்பது.
ஒரு இருமல்கூட இல்லை.

முதலில் பெட்ரோலைப் பார்.
பிளக்கைக் கழற்றினேன். காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி
வறண்டு கிடந்தது.
டாங்கைக் குலுக்கினால் சளசளக்கிறது,
குழாயைப் பிடுங்கினால் சொட்டு இல்லை.
அடிக்கிண்ணத்தைத் திருகி எடுத்தேன்.
கீழே தண்ணீர், மேலே பெட்ரோல்,
ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்தது போல
ஒட்டாமல்.
புல்லில் கொட்டினேன்.
வலையில் துரு; ஊதினேன்.
மதியச் சாப்பாடு வரைக்கும் போகாது
இந்த இரும்பு ருசி.

கார்புரேட்டரில் ஸ்க்ரூடிரைவர் பிடியால்
இரண்டு தட்டு, வலிக்காமல்.
எங்கோ சிக்கியிருந்த மிதவை
மனசு மாறி இறங்கியது.
விரல் நனைந்தது. அப்பாடா.

உதைத்தேன்.
உதைத்தேன்.
பிளக்கைக் கழற்றினேன்:
இப்போது தொப்பலாக நனைந்திருக்கிறது.
சரி. பெட்ரோல் வழக்கு தள்ளுபடி.

ஏவி தன் வண்டியை நிறுத்தாமலே கேட்டாள்,
"மால்லே, என் பெட்டியில் ஏறிக்கொள்கிறாயா?"
தலையாட்டினேன், வேண்டாம் என்று.
துறைமுகத்துக்கு நான்
என் வண்டியில்தான் போக வேண்டும்.

பிளக்கை எஞ்சின் தலைமேல் படுக்கவைத்து
குனிந்து, கையால் வெயிலை மறைத்து,
கிக்கரை மிதித்தேன்.
பொறி இல்லை. இருந்திருந்தால் நீலமாகச் சொடுக்கும்.
வந்தது ஒரு சிவப்புச் சந்தேகம், அதுவும் ஒரே தடவை.

பாயிண்டைத் துடைக்கக் கெட்டிக் காகிதம் வேண்டும்.
சட்டைப் பையில் இருந்தது அஞ்சலட்டை மட்டும்:
"வெள்ளி, காலைப் படகு. லைனே."
பதினொரு வருஷத்துக்கு நான்கு வார்த்தை.
(நான்கு ஏக்கர் பைன் மரம் விற்ற கதை;
ஏக்கருக்கு ஒரு வார்த்தை என்று வைத்துக்கொள்ளலாம்.)
பெயர் இல்லாத மூலையைக் கிழித்து
பாயிண்டுகளுக்கு நடுவே இழுத்தேன்.
கறுப்பாக வந்தது.
மறுபடி இழுத்தேன். சாம்பல்.
மறுபடி. சுத்தம்.
உதைத்தேன். ஒன்றுமில்லை.

கடைசியில்தான் ஹார்னை அழுத்தத் தோன்றியது.
கிணற்றுத் தவளைக்குக் காய்ச்சல் கண்டது போல
ஒரு முனகல்.

அப்போது நினைவு வந்தது.
நேற்று ராத்திரி இதே கொட்டகையில்,
இதே இருக்கையில் உட்கார்ந்து,
சாவியைப் போட்டு, முன்விளக்கை எரியவிட்டு
சுவரில் விழுந்த வெளிச்ச வட்டத்திடம்
பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"பிரயாணம் எப்படி?" வேண்டாம்.
"வந்துட்டியா?" அதுவும் வேண்டாம்.
எது சரியென்று தெரியாமலே தூங்கப் போனேன்,
விளக்கை மட்டும் அணைத்துவிட்டு.
சாவி விடியும்வரை
பேட்டரியைக் குடித்திருக்கிறது.

படகு ஊதியது.
பாதைக்கு வண்டியைத் தள்ளினேன்.
இந்தத் தீவில் சரிவு என்று ஒன்று
கடவுள் வைக்கவே இல்லை.
பக்கப்பெட்டி ஒரு கன்றுக்குட்டி மாதிரி
வலதுபக்கம் இழுக்கிறது.
பத்தடி ஓட்டம், கிளட்சை விட்டால்
பின்சக்கரம் மண்ணைச் சீய்க்கிறது.
மறுபடி.
மறுபடி.
ஜூனிப்பர் புதர் வரைக்கும் வந்து
ஹேண்டிலில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

சக்கரம் வைத்த சூட்கேஸ் ஒன்று
சரளைக் கற்களில் தடதடத்து வரும் சத்தம்.
நிமிரவில்லை.
சூட்கேஸ் பக்கப்பெட்டிக்குள் விழுந்தது.
பின்னால் இரண்டு உள்ளங்கைகள்
இருக்கையின் இரும்பில் பதிந்தன.

"முதல் கியரில் போடாதே," என்றாள் லைனே.
"ரெண்டாவது."

போட்டேன்.
ஓடினோம்.
கிளட்சை விட்டேன்:
ஒரு குலுக்கல், ஒரு செருமல்,
பிறகு நீலப் புகை,
அவள் முகத்தில் முழுசாக.

திட்டிக்கொண்டிருந்தாள்.
எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.
அணைத்தால் மறுபடி பிடிக்காது என்று
திராட்டிலை முறுக்கிப் பிடித்தபடியே
பெட்டியைக் காட்டினேன்,
ஏறு.